ஒரு வீடும் ஒரு ஷரத்தும்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் சமீபத்தில் நாம் சில தினங்கள் தங்க நேர்ந்தது. அங்கேயே குடியேறி வாழும் தமிழ் நண்பர் ஒருவர் ஒரு நாட்காலையில் வந்து, "ஐயா, இந்த ஊரில் பழமை என்று சொல்லத்தக்கது அதிகமில்லை; இருப்பவற்றில் மிகப் பழைய வீட்டைக் காட்டுகிறேன், புறப்படுங்கள்" என்று நம்மை அழைத்துச் சென்றார். நகரின் கிழக்குப் பக்கத்தில் பிட்ஸ்ராய் பூங்கா என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. 26 ஹெக்டேர் விஸ்தீரணம். நம் கணக்கில் ஏறக்குறைய 64 ஏக்கர். இருமருங்கிலும் எல்ம் மரங்கள் ஓங்கிக் கிளை கோத்து நிற்கும் பாதைகளின் வழியே நடந்து சென்றால், சிவந்த ஓடு வேய்ந்த, கொடி படர்ந்த சிறு வீடொன்று எதிர்ப்படுகிறது. சுற்றிலும் வேலி, பின்புறம் கீரையும் மூலிகையும் பயிராகும் சிறு தோட்டம்.

வாசலில் நின்று பார்த்தோம். நிலைக்கு மேலே கல்லில் மூன்று எழுத்துக்களும் 1755 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மெல்போர்னில் வெள்ளையர் குடியேறியதோ 1835ல். ஆகவே நகரத்தைவிட வீடு எண்பது ஆண்டு மூத்தது. ஊர் உண்டாவதற்கு முன்பே ஊருக்குள் வீடு எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்பார்கள். கப்பலில் வந்தது என்பதே விடை.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் ஜில்லாவில் கிரேட் எய்ட்டன் என்னும் கிராமத்தில் இருந்தது இவ்வீடு. கப்பலோட்டி காப்டன் ஜேம்ஸ் குக்கின் தந்தையாரும் தாயாரும் கட்டியது. தந்தையின் பெயரும் ஜேம்ஸ்தான். தாய் பெயர் கிரேஸ். நிலையில் செதுக்கியிருப்பவை அத்தம்பதிகளின் பெயர்களைக் குறிக்கும் எழுத்துக்களே. 1933ல் வீடு விலைக்கு வந்தது. ரஸ்ஸல் கிரிம்வேட் என்னும் மெல்போர்ன் தனவந்தர் 800 பவுன் கொடுத்து வாங்கினார். விக்டோரியா மாகாணத்தில் வெள்ளையர் குடியேறி நூறாண்டு நிறைவதை 1934ல் கொண்டாட இருந்தார்கள்; அவ்விழாவுக்குத் தம் பரிசாக இவ்வீட்டை ஜனங்களுக்கு அளிப்பது அவர் கருத்து. செங்கல் செங்கல்லாக வீட்டைப் பிரித்தார்கள். 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்தார்கள். ஹல் துறைமுகத்தில் 'போர்ட் டனீடின்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். சுவரில் படர்ந்திருந்த ஐவிக் கொடியையும் விடவில்லை. கிளை நறுக்கிக் கொண்டுவந்து நட்டார்கள். 1934 அக்டோபரில் வீடு பூங்காவில் எழுந்து நின்றது. வீடு போன வெற்றிடத்தில் கிரேட் எய்ட்டன் கிராமத்தார் ஒரு கருங்கல் தூணைப் பெற்றார்கள். ஆஸ்திரேலியக் கரையில் குக்கின் கப்பலார் முதன்முதல் கண்ட முனையிலிருந்து வெட்டிய கற்களால் ஆனது அத்தூண்.

உள்ளே நுழைந்தோம். சாமானியக் குடியானவனின் வீடுதான். தாழ்ந்த கூரை, கனத்த உத்தரங்கள், ஒரு கணப்பு, குறுகிய படிக்கட்டு, மாடியில் படுக்கையறை. தந்தை பண்ணை வேலை செய்து பின்னர் பண்ணைக் காரியஸ்தரானவர். பையனின் படிப்புச் செலவைப் பண்ணைச் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டார் என்று சரித்திரம் கூறுகிறது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை, தன் புத்தியாலும் உழைப்பாலும் உலகத்தின் பாதிக் கடலை அளந்து படம் வரைந்தான் என்பது எவருக்கும் வியப்பூட்டும் விஷயமே. அந்தப் பெருமையில் ஓர் அணுவையும் நாம் குறைக்க விரும்பவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு உடை தரித்த மூதாட்டி ஒருவர் அங்கே தொண்டராக இருந்து வந்தவர்களுக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலைக் காட்டி, "காப்டன் குக் இதில் படுத்து உறங்கினாரா?" என்று வினவினோம். வக்கீல் தொழிலின் வாசனை நம்மை விட்டுப் போவதில்லை.

அம்மையார் சிரித்தார். "அப்படி நான் சொல்லமாட்டேன். இங்கிருக்கும் சாமான்களில் குக் குடும்பத்துச் சொத்து மிகச் சில. மற்றவை அக்காலத்தைச் சேர்ந்தவை, அவ்வளவுதான். பெற்றோரைப் பார்க்க அவர் வந்து போயிருக்கலாம். இது அவருடைய வீடு என்று சொல்வதற்கில்லை" என்றார்.

கணக்கும் அவ்வாறே கூறுகிறது. குக் பிறந்தது 1728ல், வேறு ஊரில். 1745ல் கடை வேலைக்கும், மறு ஆண்டு கப்பல் தொழில் பயிலவும் வீட்டை விட்டு வெளியேறிவிட்டார். நிலையில் 1755 என்று செதுக்கிய அதே ஆண்டில்தான் அவர் அரச கடற்படையில் சேர்ந்தார். இன்னொன்று: மெல்போர்ன் இன்று இருக்கும் இடத்தில் அவர் கால் வைத்ததேயில்லை. 1770 ஏப்ரலில் இம்மாகாணத்தின் கீழ்க்கோடிக் கரையைக் கப்பலிலிருந்து பார்த்தபடி வடக்கே திரும்பிப் போய்விட்டார். ஆக, அவர் வாழாத வீட்டை, அவர் வராத ஊரில், அவர் ஞாபகார்த்தமாக வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையில் ஒரு நேர்மையைக் கண்டு மகிழ்ந்தோம். முன்பு 'காப்டன் குக்கின் வீடு' என்று வழங்கியதை இப்போது 'குக் குடும்பத்தார் வீடு' என்று பொருள்படும்படி மாற்றியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் உடைமையைக் காட்டும் சிறு குறியை ஓர் எழுத்துத் தள்ளிப் போட்டதால் வந்த மாறுதல். அந்த முதிய தாய் தகப்பன்மாருக்கு அவர்கள் வீடு மீண்டும் கிடைத்தது.

அந்தத் தந்தையாரைப் பற்றி ஒரு வார்த்தை. மனைவி 1765ல் இறந்தபின் அவர் முதுமையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். 1779 பிப்ரவரியில் ஹவாய்த் தீவில், அவ்வூராருடன் ஏற்பட்ட கைகலப்பில் மகன் மாண்டான். அச்செய்தி லண்டனுக்கு எட்டியது 1780 ஜனவரியில். கிழவரோ 1779லேயே காலமாகிவிட்டார். மகன் இன்னும் எங்கோ கடலில் இருக்கிறான் என்ற நினைவோடு கண் மூடியிருப்பார்.

நிற்க. நம் மனத்தைக் கவர்ந்தது கட்டிலும் கணப்பும் அல்ல. 1933ல் நடந்த கிரயத்தின் கதை. வீட்டுக்குச் சொந்தக்காரியான மாது, வீடு இங்கிலாந்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று விற்பனைக்கு ஒரு ஷரத்து விதித்திருந்தார். உள்ளூரில் அதிகம் கேட்டவர் 300 பவுனுக்கு மேல் போகவில்லை. மெல்போர்ன் தனவந்தர் 800 பவுன் தரச் சித்தமாயிருந்தார். ஆனால் ஷரத்து குறுக்கே நின்றது. என்ன செய்தார்கள்? அம்மாதிடம் பேசி, 'இங்கிலாந்து' என்றிருந்த சொல்லைச் 'சாம்ராஜ்யம்' என்று மாற்றச் சம்மதிக்கச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவும் சாம்ராஜ்யத்துக்குள் அடங்கியதுதானே! ஷரத்தும் நின்றது, வீடும் கப்பலேறியது. சட்டம் பயின்றவர்கள் இந்த யுக்தியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இன்று அந்தச் சாம்ராஜ்யமே இல்லாமற் போய்விட்டது. ஷரத்தின்படி வீடு இப்போது எங்கே நிற்கிறது என்று யாரேனும் வியாஜ்யம் தொடுத்தால் ஆஜராக நமக்கு ஆசைதான்.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஒரு கிராமத்து மாதின் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு மதிப்பிருந்தது என்பதே. அவள் சம்மதியாமல் ஒரு செங்கல்லை அசைக்க முடியவில்லை. நியாயமும் அதுவே. ஆனால் எந்த மனிதரின் பெயருக்காக இந்த வீட்டை இவ்வளவு பரிவோடு பெயர்த்து வந்தார்களோ, அம்மனிதரின் கையிலும் ஒரு பத்திரம் இருந்தது. அதிலும் ஒரு ஷரத்து இருந்தது.

1768 ஜூலையில் கடற்படை அதிகாரிகள் குக்கிடம் முத்திரையிட்ட இரகசிய உத்தரவு ஒன்றைத் தந்தார்கள். பகிரங்கமான காரியம், டஹீட்டித் தீவுக்குச் சென்று, சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே செல்வதை அளந்து வருவது. இரகசியமான காரியம், தென்திசையில் பெருநிலம் இருக்கிறதா என்று தேடுவது. அப்படிக் கண்டால், அங்குள்ள குடிகளின் சம்மதத்தோடு தக்க இடங்களை மன்னர் பெயரால் சுவாதீனப்படுத்திக் கொள்ளவேண்டும் என்பது உத்தரவு. குடிகளே இல்லாத இடமானால்தான் வெறுமனே கொடி நாட்டலாம். இது குக்கின் எதிரிகள் கட்டியது அல்ல. மன்னரின் அதிகாரிகளே எழுத்தில் கொடுத்தது.

நடந்தது என்ன? 1770 ஏப்ரல் 29ந் தேதி பாட்டனி விரிகுடாவில் குக் படகில் கரையை நெருங்கினார். அவ்விடத்துக் குடிகளான குவீகல் வகுப்பாரில் இரண்டு பேர் ஈட்டியுடன் கரையில் நின்று, இறங்கவேண்டாம் என்று கூவியும் கைகாட்டியும் தடுத்தார்கள். குக் துப்பாக்கியால் சுட்டார், ஒருவர் காயமுற்றார். அவர்களுடைய ஈட்டிகளைக் கப்பலார் வாரிச் சென்றார்கள். நான்கு மாதங்களுக்குப் பின், ஆகஸ்டு 22ந் தேதி, வடகோடியில் ஒரு சிறு தீவில் ஏறி நின்று, கீழ்க்கரை முழுவதும் மன்னர் ஜார்ஜுக்குச் சொந்தம் என்று பிரகடனம் செய்தார். எவரிடமும் சம்மதம் கேட்டதாகத் தகவலில்லை. குடிகள் இல்லை என்று நினைத்துவிட்டார் என்று வாதிப்பதற்கும் வழியில்லை. கரை நெடுகப் புகை எழுவதைக் கண்டார், மனிதரைக் கண்டார், அவர்கள் ஐரோப்பியரைவிடச் சந்தோஷமாக வாழ்கிறார்கள் என்று தம் தினக்குறிப்பிலேயே எழுதி வைத்தார். கண்டவர் எழுதினார், எழுதியவர் கேட்கவில்லை.

நம் தேசத்தில் கம்பெனியார் செய்ததை நாம் மறக்கவில்லை. ஆயினும் 1765ல் வங்காளத்தின் திவானி உரிமையைப் பெற, படைபலம் முழுவதும் தங்கள் கையில் இருந்தும், மொகலாய சக்கரவர்த்தியிடம் ஒரு பத்திரமாவது எழுதி வாங்கினார்கள். அந்தப் போலி மரியாதைகூட இங்கே செய்யப்படவில்லை.

மெல்போர்ன் நகரம் தோன்றிய விதம் இன்னும் விசித்திரமானது. 1835 ஜூனில் ஜான் பாட்மன் என்பவர் டாஸ்மேனியாவிலிருந்து ஆட்டு மேய்ச்சலுக்கு நிலம் தேடி வந்தார். கூலின் ஜாதியாரின் எட்டுப் பெரியவர்களிடம், கம்பளி, கத்தி, கோடாரி, கண்ணாடி, கைக்குட்டை, மாவு முதலியவற்றைக் கொடுத்து, ஆண்டுதோறும் கொடுப்பதாகவும் சொல்லி, சுமார் 6 லட்சம் ஏக்கர் நிலத்தை எழுதி வாங்கியதாகப் பத்திரம் காட்டினார். நம் கோர்ட்டுகளில் இத்தகைய பத்திரம் ஒரு மணி நேரம் நில்லாது. எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பாஷை தெரியாது. நிலத்தை விற்பது என்னும் எண்ணமே அவர்கள் வழக்கத்தில் இல்லை. வந்த விருந்தாளி சில காலம் தங்கிப் போக அனுமதிக்கும் சடங்கு ஒன்று அவர்களிடம் உண்டு; அதைச் செய்ததாகவே அவர்கள் நினைத்திருக்கக்கூடும் என்பது சரித்திரக்காரர் பலரின் அபிப்பிராயம். இருந்தாலும், நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு, அவரைக் கேட்கவேண்டும் என்பதையாவது அந்தப் பத்திரம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கவர்னர் பூர்க் அப்பத்திரம் செல்லாது என்று பிரகடனம் வெளியிட்டார். பெரியவர்கள் மோசம் போனார்கள் என்பதற்காக அன்று. நிலம் அவர்களுடையதே அல்ல, மன்னருடையது, ஆதலால் விற்க அவர்களுக்குப் பாத்தியமில்லை என்பதற்காக! கண்டத்தின் குடிகளிடம் கையொப்பம் கேட்ட ஒரே காகிதமும் இவ்வாறு கிழிந்தது.

இப்போது மீண்டும் 1933க்கு வருவோம். யார்க்ஷயரில் வீட்டைப் பிரித்துக் கொண்டிருந்த அதே காலத்தில், மெல்போர்னில் வில்லியம் கூப்பர் என்னும் எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் ஒரு விண்ணப்பத்துக்குக் கையொப்பம் திரட்டிக் கொண்டிருந்தார். யார்ட்டா யார்ட்டா என்னும் ஆதிக்குடி வகுப்பைச் சேர்ந்தவர். வாலிபம் முழுவதும் ஆட்டுரோமம் கத்தரித்தும் கூலி வேலை செய்தும் கழித்தவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தில் கேட்டது மிகவும் சொற்பம். எங்கள் இனம் அழியாமல் காக்கவேண்டும். எங்கள் நிலைமையைச் சீர்படுத்தவேண்டும். பார்லிமெண்டில் எங்களுக்காகப் பேச ஒரு பிரதிநிதி வேண்டும். அவ்வளவே. ஊர் ஊராக, முகாம் முகாமாக அனுப்பி 1,814 கையொப்பங்களைச் சேர்த்தார். வீட்டு விலாசமே இல்லாத ஜனங்களிடம், பல இடங்களில் அதிகாரிகளின் தடையையும் மீறிச் சேர்த்த கையொப்பங்கள் அவை. 1937ல் மன்னருக்கு அனுப்பும்படி சர்க்காரிடம் கொடுத்தார். அதற்குள் ஐந்தாம் ஜார்ஜ் காலமாகி, எட்டாம் எட்வர்டு முடி துறந்து, ஆறாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்திருந்தார். 1938ல் மந்திரி சபை கூடி, இதை மன்னருக்கு அனுப்புவதால் பயனொன்றும் இல்லை என்று முடிவு செய்து நிறுத்திவிட்டது.

விண்ணப்ப அரசியலின் கதி இன்னதென்று நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இங்கே இரண்டு பிரயாணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம். 253 பெட்டி, 40 பீப்பாய் கொண்ட ஒரு வீடு இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு ஓடு உடையாமல் வந்து சேர்ந்தது. ஒரு கட்டுக் காகிதம் மெல்போர்னிலிருந்து இங்கிலாந்துக்குப் போக முடியவில்லை. கூப்பர் 1941ல் காலமானார்.

வீட்டை விட்டு வெளியே வந்தபோது, வாடகைக்கோ இனாமாகவோ அங்கே தரும் பழங்கால அங்கியையும் மூன்று மடிப்புத் தொப்பியையும் அணிந்து நம் தேசத்து இளந்தம்பதிகள் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையனுக்குத் தொப்பி காதுவரை இறங்கியது. நாமும் சிரித்தோம், அவர்களும் சிரித்தார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சற்றுத் தள்ளி, டியூடர் காலத்து ஆங்கிலக் கிராமம் ஒன்றின் சிறு பொம்மை உருவம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் மகாயுத்தத்தையொட்டி இங்கிலாந்தில் உணவுப் பஞ்சம் வந்தபோது மெல்போர்ன் ஜனங்கள் உணவு அனுப்பியதற்கு நன்றியாக, லண்டன் லாம்பெத் பகுதியினர் 1948ல் தந்தது. வாங்கியவர் நன்றி செலுத்தும் முறை அறிந்தவர்களே என்பதற்கு அத்தாட்சி.

நண்பரிடம், "இதைவிடப் பழையது இப்பூங்காவில் ஒன்றுமில்லையா?" என்று கேட்டோம். அவர் யோசித்துவிட்டு, "ஒரு மரம் உண்டு, யாரும் போய்ப் பார்ப்பதில்லை" என்றார். தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடிமரம் ஒன்று. அதன் உடலில் நீண்ட தழும்பு. பக்கத்தில் ஒரு சிறு விளம்பரப் பலகை. படகு, கேடயம், தண்ணீர்த் தொட்டி, குழந்தையைச் சுமக்கும் தூளி முதலியவை செய்ய ஆதிக்குடிகள் மரப்பட்டையை உரித்து எடுப்பார்கள். மரம் சாகாதபடி அளவாக உரிப்பார்கள். உரித்த இடம் தழும்பாகி நிற்கும். அப்படி நின்றது இது. வாசலில் டிக்கட்டு இல்லை. வேஷ உடை இல்லை. பக்கத்துப் புல்வெளியில் ஒருவர் தமது நாய்க்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார்.

சுவாதீன பாத்தியத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சியத்தை நம் தொழிலில் நாம் கண்டதில்லை. இது எவரும் கப்பலில் கொண்டு வந்து வைத்தது அல்ல. ஆயினும் இத்தகைய சாட்சியத்தைக் கோர்ட்டு ஏற்க 1992 ஜூன் 3ந் தேதி வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் ஆஸ்திரேலிய ஹைகோர்ட்டு, டாரஸ் ஜலசந்தித் தீவொன்றைச் சேர்ந்த எட்டி மாபோவும் அவர் தோழர்களும் தொடுத்த வழக்கில், இக்கண்டம் யாருக்கும் சொந்தமில்லாத வெறுநிலமாக இருந்தது என்னும் கொள்கையைத் தள்ளித் தீர்ப்புச் சொல்லிற்று. மாபோ அதைக் கேட்க இருக்கவில்லை. தீர்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன்பு, அதே 1992 ஜனவரியில், இறந்துவிட்டார்.

கொண்டு போன ஈட்டிகளில் நான்கு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த டிரினிடி காலேஜில் இருந்தன. 254 ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரலில், அவை குவீகல் சந்ததியாரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. ஆனால் எல்லாம் நேராகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆதிக்குடிகளின் குரலைப் பார்லிமெண்டுக்கு எடுத்துச் சொல்ல அரசியல் சட்டத்தில் ஒரு சபை ஏற்படுத்தலாமா என்று 2023 அக்டோபரில் ஜனங்களைக் கேட்டார்கள். வோட்டளித்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். கூப்பர் கேட்டதைவிட அது பெரிய கோரிக்கை அல்ல. 2024 ஜனவரியில் இதே நகரின் கடற்கரைப் பக்கத்திலிருந்த குக் சிலையை இரவில் யாரோ கணுக்காலில் அறுத்துத் தள்ளினார்கள். கதவு எதுவும் திறவாதபோது மனிதர் கல்லோடும் வெண்கலத்தோடும் சண்டையிடுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. அதன் காரணம் நமக்கு விளங்காமலும் இல்லை.

மாலையில் பூங்காவை விட்டு மேற்கு நோக்கி நடந்தோம். சில நிமிஷ தூரத்தில் விக்டோரியா பார்லிமெண்டு மாளிகை. நண்பர் அதன் அகன்ற படிகளைக் காட்டி, "2025ல் ஆதிக்குடிகளோடு உடன்படிக்கைச் சட்டம் இங்கேதான் நிறைவேறிற்று, ஆஸ்திரேலியாவில் இதுவே முதலாவது என்கிறார்கள்" என்றார்.

"அதில் கையொப்பம் யார் யாருடையது?" என்று கேட்டோம்.

"இரண்டு தரப்பாரும் பேசி முடித்ததுதான், ஐயா" என்றார் அவர். தூறல் பிடித்துக்கொண்டது. டிராம் வண்டி வருகிறதா என்று பார்க்கப் படிகளின் கீழே இறங்கினோம்.